கால் நனையாத கடற்புலவன்

மகன், நீ பெரிய ஆராய்ச்சியாளனா வரவேணும் எண்டால் முதல்ல கடற்கரைப் பக்கம் போறதை நிப்பாட்டு. பகிடி இல்லை. உரோமாபுரிக்குக் கிட்டப் பிறந்த ஈலியன் எண்டவன், கி.பி. 200 அளவில, மிருகங்களின்ர இயல்பைப் பற்றிக் கிரேக்கத்தில 17 புத்தகம் எழுதினவன். இத்தாலியை விட்டு வெளிய போனதில்லை, கப்பல்ல கால் வைச்சதில்லை எண்டு பெருமை வேற அடிச்சவனாம். ஆயுள் முழுக்க வள்ளத்தில திரிஞ்ச எனக்கு மிஞ்சினது நாரிப்பிடிப்பு.

எங்கட இலங்கைத் தீவைத் தப்ரபேன் எண்டு சொல்லி, பட்டினமே இல்லை, 750 ஊர் இருக்கு எண்டு எழுதி வைச்சிருக்கிறான். எங்கட தோட்டவெளியும் அதுக்குள்ள அடக்கமாக்கும். ஆமை ஓடு ஒண்டு 15 முழமாம். வீட்டுக்குக் கூரையாப் போட்டால் ஓட்டுக் கூரையை விடத் திறமாம். இது தெரியாமல் உன்ர அப்பாச்சி வருசா வருசம் கிடுகு பின்னிச் செத்தாள்.

முத்துக் கதை இன்னும் திறம். தேனீக்கு இருக்கிற மாதிரிச் சிப்பிக் கூட்டத்துக்கும் ஒரு ராசா இருக்காம். அவரைப் பிடிச்சால் குடிமக்கள் எல்லாம் சுகமா அகப்படுவினமாம். அப்ப சிலாவத்துறை முத்துப் பாரில மூச்சடக்கி, கல்லோட இறங்கின குளியாளெல்லாம் விசரன்களே? வாய் திறந்த சிப்பியில மின்னல் அடிச்சால் முத்து விளையுமெண்டும் எழுதியிருக்கு. சிரியாதை. 1902இல ஹேர்ட்மன் எண்ட வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்து, பாரெல்லாம் வாரிப் பாத்து, நாடாப்புழுக் குஞ்சுதான் முத்துக்குக் கரு எண்டார். அதுவும் பிறகு நிண்டு பிடிக்கேல்லை. மின்னல் எவ்வளவோ வடிவு.

பொம்பிளை முகமும், மயிருக்குப் பதிலா முள்ளுமா ஒரு சீவன் எங்கட கடல்ல இருக்கெண்டும் சொல்லுறான். முள்ளைக் கழிச்சுப் போட்டுப் பார், ஆவுளியா எண்ட கடற்பசு மாதிரி இல்லையே? கண்டவன் ஆரோ சொல்லித்தான் அது உரோமுக்குப் போயிருக்கும். அதோட சேர்த்து, ஆமைக் கூரையும் சிப்பி ராசாவும் எங்கட ஆக்கள் கரையில இருந்து அவிட்டு விட்டதெண்டுதான் எனக்குப் படுகுது. முத்து எந்தப் பாரில கிடக்கெண்டு கேட்டு வந்த வெளியானுக்கு எந்தச் சம்மாட்டி உண்மை சொல்லுவான்?

நாளைக்குக் கடற்பசு எண்ண ஆரோ கொப்பியோட வருகினமாம். ஆவுளியாவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லு. அருகிப் போற சீவன், அதில விளையாடாதை. ஆமையைப் பற்றிக் கேட்டால் மட்டும் என்னட்ட அனுப்பு. நல்ல சாயத்தோட ஒரு தேத்தண்ணியும் குடுத்தனுப்பு, கதை கொஞ்சம் நீளம்.