ஹார்வார்டுக்காரர்கள்
மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஹார்வார்டு என்றொரு ரப்பர்த் தோட்டம் உண்டு. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவி, மங்கில் பால் சொட்டச் செய்த நம் பாட்டன்மார், பிரவேசப் பரீட்சை ஏதுமின்றியே ஹார்வார்டுக்காரர் ஆயினர்.

அண்டையிலுள்ள செமெலிங்கில் இன்று, 2001-இல் தோன்றிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பொறியியலும் போதிக்கிறது. கூலிமிலோ 1996-இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஆகவே, க்ஷேமத்துக்குக் குறைவில்லை.

வேறெங்கோ நான்கு வருஷம் மோட்டார் சாஸ்திரம் பயின்று, பட்டறையை ஜன்னல் வழியே தரிசித்துத் திரும்பிய என் மருமகப்பிள்ளை, எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்பு நின்றபோது, அதன் சமன்பாட்டை வெகு நேர்த்தியாக எழுதிக் காட்டினான். பம்பை ஓடவிட்டவர், ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பழைய தோட்டத்து ஃபிட்டர். முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டார்.