எவ்வளவு கொடுக்கும்?

புது பைக் வாங்கியவனிடம் நம்மூர்ப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கொடுக்கும்?" 1907-இல், இங்கிலாந்துக்குப் பக்கத்து மேன் தீவில் டூரிஸ்ட் டிராபி பைக் பந்தயத்தைத் தொடங்கிய வெள்ளைக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். ஒற்றை சிலிண்டர் வண்டி கேலனுக்கு 90 மைல் கொடுக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 32 கிலோமீட்டர். இரட்டை சிலிண்டருக்கு 75 மைல் போதும். பின்னாளில் ஆளை விழுங்கும் பந்தயம் என்று பேரெடுத்தது, மைலேஜ் போட்டியாகத்தான் பிறந்தது.

தீவுக்குப் போனதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 1903 சட்டப்படி மணிக்கு 20 மைலைத் தாண்டினால் கேஸ். மேன் தீவுக்கோ தனி நாடாளுமன்றம். பந்தயத்துக்காகச் சாலையை மூட 1904-இலேயே சட்டம் போட்டுவிட்டது. தீவின் சின்னம் மூன்று கால்கள். எப்படித் தூக்கிப் போட்டாலும் நிற்குமாம். இரண்டு சக்கரத்தில் வருகிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

புழுதி அடங்க ரோட்டில் அமிலக் கரைசலைத் தெளித்தார்கள். புழுதி அடங்கியதோ இல்லையோ, ஓட்டியவர்களின் உடுப்பு பொத்தலானது. நார்ட்டன் வண்டியில் வந்த ரெம் ஃபௌலர் தைரியத்துக்குப் பிராந்தி ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பிளக், பெல்ட், டயர் என்று வழியெல்லாம் மெக்கானிக் வேலை. நடுவே விழுந்தும் எழுந்தார். இரட்டை சிலிண்டரில் அவர்தான் முதல். மற்றவர்கள் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஒற்றை சிலிண்டரில் மேட்ச்லெஸ் ஓட்டிய சார்லி கோலியர் ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 61 கிலோமீட்டர். நம்மூர் மினி பஸ் ஹாரன் அடித்தே ஓரங்கட்டியிருக்கும். இரண்டாவதாக வந்த டிரையம்ஃப்காரர் ஜாக் மார்ஷலுக்கு ஒரே பொருமல்: கோலியர் வண்டியில் பெடல் இருக்கிறது, மேட்டில் மிதித்தே பெட்ரோலை மிச்சம் பிடித்துவிட்டார்! டிவிஎஸ் 50-இல் மேடேறியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1908-இல் பெடலுக்குத் தடை. 1909-இல் மைலேஜ் விதியையே தூக்கிக் கடாசினார்கள். அப்புறம் வேகம்தான், 2023-இல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை மணிக்குச் சராசரி 219 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார்.

இடையில் பாதையும் மாறியது: 1911-இல் பந்தயம் தீவின் ஸ்னேஃபெல் மலைப்பாதைக்கு ஏறியது. சுற்றுக்கு 60 கிலோமீட்டர். மேலே ஆடு மேய்கிற காடு. குறுக்கே பட்டிக் கதவுகள். விடியற்காலைப் பயிற்சியில் முதலில் போகிறவர் இறங்கி இறங்கித் திறந்துகொண்டே போக வேண்டியிருந்தது. கடைசியில் வருகிறவர், ஆடு வெளியே போகாமல், ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வர வேண்டியிருந்தது.