காஞ்சி வேன் ஓசையியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலை மூன்றரை மணிக்குத் திருப்பதிக்கோ திருவண்ணாமலைக்கோ கிளம்பும் குடும்ப வேனை வெறும் வாடகை வண்டி என்று வகைப்படுத்துவது அறிவுலகம் நெடுங்காலமாகச் செய்துவரும் பிழை. அதில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அரிசிப் பை, பாய், தலையணை, மாத்திரை டப்பா, தூளி கட்ட ஒரு பழம்புடவை, எல்லாம் இருக்கின்றன. முன் சீட்டில் யார் உட்காருவது என்ற தகராறும் இருக்கிறது. இத்தனையும் ஓரிடத்தில் கூடினால் அதற்குப் பெயர் வீடு. சக்கரம் இருப்பதால் அது ஓடுகிறது, அவ்வளவுதான்.

அவ்வாறு ஓடும் வீட்டில் குடியிருப்போரை வாட்டும் மூன்று பிணிகள் உண்டு: இடுக்கில் புகும் காற்று, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கடகடப்பு, தரையிலிருந்து ஏறும் இரைச்சல். இவ்வாய்வு இம்மூன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இன்ஜின் கோளாறுகளும் சம்பந்திச் சண்டைகளும் ஆய்வின் எல்லைக்கு வெளியே.

மேலைநாட்டார் இத்துறையில் முந்திக்கொண்டவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 இலேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் காட்டியது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் வின்னபேகோ 1966 முதல் முழு மோட்டார் வீடுகளையே வரிசையாகச் செய்து தள்ளியது. ஆனால் அவர்கள் வீட்டில் அடுப்பு முதல் அலமாரி வரை திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருக்கும்; ஓசை வந்தால் திருகாணியை இறுக்கினால் போதும். நம் வீடோ நள்ளிரவில் ஏற்றப்பட்டு மறுநாள் இரவு இறக்கப்படுவது. பூனாவில் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987 இல் ‘டிராவலர்’ வேனைக் கொண்டுவந்தபோது சீட்டுகளைத்தான் முடுக்கிக் கொடுத்தது. அண்டாவை முடுக்கிக் கொடுக்கவில்லை. 2005 இல் நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியும் ஊர் இன்னும் ‘டெம்போ டிராவலர்’ என்றே அழைக்கிறது. அண்டாவும் இன்னும் முடுக்கப்படவில்லை.

ஓடும் வீடு காஞ்சிக்குப் புதிதல்ல. வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் தேரேறி வருவது அப்படிப்பட்ட ஒன்றில்தான். ஸ்பிரிங் பட்டை கிடையாது, ஷாக் அப்சர்வர் கிடையாது, மரத்தின்மேல் மரம். பெருந்தேர்கள் நகர்கையில் ஒவ்வொரு இணைப்பும் முனகத்தான் செய்யும். திருச்சி பெல் நிறுவனம் திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் மேலே இருப்பது மரமும் கயிறும் தேர்ச்சீலையும்தான். ஆனாலும் தேர் சத்தம் போடுகிறது என்று எவரும் புகார் கொடுத்ததில்லை. காரணம் எளிது: முன்னால் நாகசுரமும் தவிலும் போகின்றன. ஒரு பெரிய ஓசை சின்ன ஓசையைக் காதுக்கு எட்டாமல் மறைப்பதை ஒலியியலார் ‘மாஸ்கிங்’ என்று தனி அத்தியாயமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வேன் டிரைவர் ஸ்பீக்கரைத் திருகிக் குத்துப்பாட்டை உயர்த்துவதும் இந்தக் கோட்பாட்டின் வழியேதான். கோட்பாடு சரி, பயன்பாடு தவறு. பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஓசை ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். கடகடப்பை மறைக்கப் போய்க் காதையே மறைத்துக்கொள்ளும் இம்முறையை இவ்வாய்வு நிராகரிக்கிறது.

இவ்வூரின் பெயரோடு இணைந்த காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, தொண்ணூறை நெருங்கும் வயது வரை மகாராஷ்டிரத்துக்கும் ஆந்திரத்துக்கும் நடந்தே போய் வந்தார். கடகடப்புக்கு இதைவிட முழுமையான தீர்வு இல்லை. குடும்பத்தோடு பின்பற்றுவது கடினம் என்பதால் அடுத்ததைப் பார்க்கலாம்.

வாகனப் பொறியாளர்கள் வண்டிக்குள் எழும் வேண்டாத ஓசைகளை ரேட்டில் (rattle), பஸ் (buzz), ஸ்க்வீக் (squeak) என மூன்றாகப் பிரிக்கிறார்கள். இவை முறையே நம் வல்லினம், மெல்லினம், இடையினம் ஆகும். இரண்டு பொருள்கள் பிரிந்து பிரிந்து மோதினால் வல்லினம்: கண்ணாடி அதன் சட்டத்தில், சீட் பெல்ட் கொக்கி தகரத்தில். மெல்லிய தகடு ஒன்று அதிர்வுக்கு ஒத்தூதினால் மெல்லினம்: மேற்கூரை விளக்கின் பிளாஸ்டிக் மூடி. இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொண்டு, வழுக்கி, மறுபடி ஒட்டினால் எழும் கிறீச், இடையினம்: ரெக்சின் சீட்டும் அதன் பக்கத்துச் சீட்டும் உரசுவது.

இவற்றுள் முதல் இரண்டின் ஒரு விசித்திர குணத்தை எல்லாப் பயணிகளும் கண்டிருப்பார்கள், காரணம் கேட்டிருக்க மாட்டார்கள். வேன் சுங்குவார்சத்திரத்தில் டீக்கு நிற்கிறது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. ஓடும்போது வாய் திறக்காத ஜன்னல் எல்லாம் நிற்கும்போது பல்லைக் கடித்து நடுங்குகிறது. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓய்ந்து ஓடினால், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு வீதம் நொடிக்கு 25 உதைப்புகள். தளர்ந்த கண்ணாடிக்கும் தகரத்துக்கும் பிடித்த தாளம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் உதைப்பு அந்தத் தாளத்தைத் தாண்டிப் போய்விடும், நடுக்கமும் அடங்கும். டீசலும் தீரும்.

எந்தப் பொருள் கத்துகிறது என்று கண்டுபிடிக்கும் முறை உலகெங்கும் ஒன்றே: கை வைத்துப் பார்ப்பது. கை வைத்ததும் ஓசை நின்றால் குற்றவாளி அகப்பட்டார். ஓடும் வேனில் கிளீனர் பையன் ஒவ்வொரு பலகையாகத் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்த்தால் நாடி பார்க்கும் வைத்தியரைப் போலவே இருக்கும். மருந்தும் அவனிடமே உண்டு. பழைய சைக்கிள் டியூபை நறுக்கிய துண்டு, தளர்ந்த பீடிங்குக்கு. நாலாக மடித்த டிக்கெட்டோ கல்யாணப் பத்திரிகையின் ஓரமோ, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில். கண்ணாடி கத்துவது அது கண்ணாடி என்பதால் அல்ல, அசைவதற்கு இடமிருப்பதால். இடத்தை அடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. பத்திரிகையில் கெட்டி அட்டையாக அச்சடித்தது இதற்கு உகந்தது. மாப்பிள்ளை வீட்டார் செலவு வீணாகவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இனி வல்லினத்தின் தலைமைப் பொருளுக்கு வரவேண்டும்: பாத்திரம். எவர்சில்வர் தன்னுள் அதிர்வை விழுங்கிக்கொள்ளத் தெரியாத உலோகம். ஒரு தட்டு வாங்கினால் அதை நெடுநேரம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பித்தளை அண்டாவும் அப்படியே. மூங்கிலும் மரமும் அதே தட்டைச் சட்டென்று விழுங்கிவிடும். அடுக்கு, தூக்குவாளி, கரண்டிக் கட்டு, இட்லிக் கொப்பரை ஆகியன ஒரே டிக்கியில் ஏறினால், பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலை ஏறுவதற்குள் ஒரு கச்சேரி முடிந்து மங்களமும் பாடப்பட்டுவிடும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. போகும்போது சத்தம் குறைவு, திரும்பும்போது அதிகம். போகும்போது பாத்திரத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் இருக்கின்றன. அவை உலோகத்தின் சுவரோடு ஒட்டியிருந்து அதிர்வைத் தின்றுவிடுகின்றன. திரும்பும்போது அவற்றை நாம் தின்றுவிட்டோம். பரிகாரம், காலி அண்டாவுக்குள் அழுக்குத் துணியைத் திணிப்பது. சாமான் துலக்கும் நேரத்தில் வீட்டில் எதிர்ப்பு எழும் என்றாலும், ஓசையியல் நோக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்டாவின் அடிக்குப் பிரிமணை இருக்கவே இருக்கிறது. வைக்கோலையோ தேங்காய் நாரையோ வளையமாகத் திரித்து, உருண்டை அடிப் பாத்திரம் சாயாமல் இருக்க அடுக்களையில் போடும் அந்த வளையமும், இன்ஜினுக்கு அடியில் கம்பெனிக்காரர்கள் வைக்கும் ரப்பர் மவுண்டிங்கும் செய்வது ஒரே வேலை. முன்னதை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பாத்திரச் சிக்கலுக்கு இவ்வூர் முன்பே ஒரு முழுத் தீர்வு கண்டிருக்கிறது. அதை யாரும் வாகனத் துறையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லி, மந்தாரை இலை சுற்றிய மூங்கில் குடலையில் வேகிறது. மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்திருப்பதால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெட்டித் துண்டாக்கி இலையில் கட்டிக்கொண்டால் மோத உலோகம் இல்லை, திறக்க மூடி இல்லை, கரண்டியும் வேண்டாம். ஓசையற்ற பயணத்துக்கென்றே சிந்தித்துச் செய்தது போன்ற உணவு இது. கடகடக்கும் உணவு என்ற வகையில் எதிர்முனையில் நிற்பது தகர டப்பாவில் அடைத்த முறுக்கு.

காற்றுக்கு வருவோம். மார்கழியில் மேல்மருவத்தூர் போகிறவர்கள் வேனின் முன்பக்க ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, “இன்னும் எங்கிருந்து வருது?” என்று டிரைவரைக் கேட்பார்கள். “பின்னாடிதான் ஆயா” என்று அவர் சொன்னால் நம்பமாட்டார்கள். முன்னோக்கி ஓடும் வண்டியில் காற்று முன்னாலிருந்துதானே வரவேண்டும்! டிரைவர் பக்கம் விஞ்ஞானம் இருக்கிறது. கொரோனா காலத்தில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், வர்கீஸ் மத்தாய், அசிமான்ஷு தாஸ் உள்ளிட்டோர், காருக்குள் காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டார்கள். ஓடும் காரின் பின்பக்க ஜன்னல் அருகே அழுத்தம் கூடுதலாகவும் முன்பக்க ஜன்னல் அருகே குறைவாகவும் இருப்பதால், காற்று பின்னால் புகுந்து முன்னால் வெளியேறப் பார்க்கிறது என்று கண்டார்கள். ஆய்வு காரில் நடந்தது. வேனுக்கும் இது பொருந்துமா என்று பார்க்கும் கருவி நம் டேஷ்போர்டிலேயே இருக்கிறது. பிள்ளையாருக்கு முன் ஏற்றிய ஊதுபத்தி. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டு ஓட்டத்தைப் பார்க்கும் பொறியாளர்களின் உத்தியும் இதுவே. ஒரே வித்தியாசம், அவர்கள் புகையில் மல்லிகை மணம் இல்லை.

அதே ஊதுபத்தியைக் கதவு ரப்பர், கியர் லீவர் உறை, பின்கதவின் அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோனால் இடுக்கு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஊதுபத்தி இல்லையென்றால் புழுதியைப் பார்க்கலாம். வாலாஜாபாத் பக்கம் கல்குவாரி டிப்பர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்த வேனில், ஒவ்வொரு ஓட்டைக்கும் நேரே உள்ளே ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருக்கும். அடைப்பதில் கஞ்சத்தனம் உதவாது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மிச்சத்தை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் ஓசையைத் தடுக்க முடியாது. காற்று வரும் வழியே சத்தமும் வருகிறது. ஒரு பீடிங் மாற்றினால் இரண்டு பிணிக்கும் மருந்து.

சாலை இரைச்சல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டயரும் தாரும் சேர்ந்து எழுப்பும் ஓசை நொடிக்கு ஆயிரம் அதிர்வுகளை ஒட்டித்தான் உச்சம் கொள்ளும், மனிதக் காதும் அந்த இடத்தில் கூர்மை. அதைத் தடுக்கக் கனம் வேண்டும்: தடுப்பின் எடையை இரட்டித்தால் ஆறு டெசிபல் குறையும். தரையில் ரெக்சின் விரிப்புக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போடுவது அதனால்தான். மற்றபடி பூந்தமல்லியிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறுவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டதற்கு வேனுக்குள் செய்யக்கூடிய வைத்தியம் எதுவுமில்லை.

வண்டிகளைச் சோதிக்கும் அரசு நிறுவனமான குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஓசை, அதிர்வு ஆகியவற்றுக்கான சிறப்பு மையம் ஹரியானாவின் மானேசரில் அமைந்தது. காஞ்சி வேன் ஒன்று தன் கடகடப்பைக் காட்டிவர அவ்வளவு தூரம் போனால், போய்ச் சேருவதற்குள் புதிய கடகடப்புகள் சேர்ந்திருக்கும்.

பட்டு நெய்யும் காஞ்சிக்கு ஆறுதலான செய்தி 2024 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. தலைமுடியளவே தடித்த ஒரு சிறப்பு இழையைப் பட்டுத் துணியில் தைத்து, மின்சாரம் கொடுத்து, துணியின் அதிர்வை நிறுத்திப் பார்த்தார்கள். அசையாமல் நின்ற பட்டு, ஓசை தன்னைக் கடந்து போவதை 75 சதவீதம் வரை குறைத்தது. கிளீனர் பையன் மடித்த பத்திரிகையால் கண்ணாடிக்குச் செய்ததை அவர்கள் மின்சாரத்தால் பட்டுக்குச் செய்திருக்கிறார்கள். இழையும் மின்சாரமும் இல்லாத வெறும் பட்டு அந்த வேலையைச் செய்யாது. ஒற்றைப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டால் சத்தம் தாராளமாக ஊடுருவும்.

ஆனால் கல்யாண வேனில் ஒற்றைப் புடவை போவதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வை போட்டு, ஜரிகை நிறைந்து இறங்கிய முகூர்த்தப் புடவை ஒரு கிலோவைத் தொடும். சீர்ப் பெட்டியில் அப்படி இருபது அடுக்கினால், கனமும் மென்மையும் ஒருசேர வாய்த்த இருபது கிலோ. வேனில் இதைவிடச் சிறந்த ஓசைத் தடுப்பு வேறில்லை என்பதால், அப்பெட்டியை இரைச்சல் மிகுந்த பின்சக்கர மேட்டின்மேல் வைக்கலாம் என்று இவ்வாய்வு பரிந்துரைத்தது. “பட்டுப் பெட்டிய டயர் மேல வப்பியா? இங்க குடு, என் மடியில இருக்கட்டும்” என்று ஆயா கேட்டுவிட்டதால் சோதனை இன்னும் நடத்தப்படவில்லை.