காற்றிறக்கவியல்: பாலைவழியே கடல் சேர்வது பற்றி ஓர் ஆராய்ச்சி

டயருக்குள் காற்றை அடைத்தவரை உலகம் அறியும். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அந்தக் காரியத்தைச் செய்தார். 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்று சண்டைக்கு வருவோரும் உண்டு, வரட்டும். அடைத்த காற்றை முதன்முதலில் வேண்டுமென்றே திறந்துவிட்டவர் யார் என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் எழுப்பவில்லை. அவருக்குச் சிலை இல்லை, நூற்றாண்டு விழா இல்லை, தபால்தலை இல்லை. இந்தப் புறக்கணிப்பு தற்செயலானதன்று. சேர்ப்பவனைக் கொண்டாடுவதும் குறைப்பவனை மறப்பதும் மனிதகுலத்தின் பழைய கெட்ட பழக்கம். பாலைவனப் பின்வழிகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி கடற்கரையை அடைவது எஞ்சினால் அன்று, கியரால் அன்று, நான்கு சக்கரமும் சுழல்வதாலும் அன்று. காற்றை இறக்குவதால் மட்டுமே என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. இத்துறைக்குக் காற்றிறக்கவியல் என்று பெயரிடுகிறோம். இத்துறையில் முன்னாய்வு எதுவும் நம் கண்ணில் படாததால், முன்னாய்வுகளை மதிப்பிடும் அத்தியாயம் இத்துடன் முடிகிறது.

ஆய்வுக்களம் நமீபியாவின் வடமேற்கு. யூயிஸ் என்ற பழைய தகரச் சுரங்க ஊரில் தொடங்கி, 2,500 மீட்டருக்கு மேல் எழும் பிராண்ட்பெர்க் மலையை வலப்பக்கம் விட்டு, பதின்மூன்று கோடி ஆண்டுக்கு முன் எரிந்து அடங்கிய மெஸ்ஸம் எரிமலையின் தேய்ந்த வட்டத்துக்குள் புகுந்து, கேப் கிராஸ் பக்கமாக அட்லாண்டிக் கரையில் இறங்கும் தடங்கள் இதற்கு ஏற்றவை. சரளை, பாறை, வறண்ட ஆற்று மணல், ஜிப்சம் பாவிய வெட்டவெளி ஆகிய நான்கும் ஒரே பகலில் வாய்க்கும். வழியில் கடைகள் இல்லை. இரண்டே இலையோடு நூற்றாண்டுகளைக் கழிக்கும் வெல்விட்சியாச் செடிகள் உண்டு, அவற்றால் வண்டிக்கு உதவி இல்லை. அதே யூயிஸிலிருந்து ஹென்டீஸ் பே என்ற கடற்கரை ஊருக்குச் சி35 என்ற நேரான சாலை போகிறதே, சாதாரணக் காரே அதில் போய்விடுமே எனின், போய்விடும். நேர்வழி இருந்தும் சுற்றுவழி கொள்வோரே நம் ஆய்வுப் பொருள். நேர்வழியில் போகிறவர்களிடம் ஆராய என்ன இருக்கிறது?

இனித் தடையும் விடையும். நான்கு சக்கரத்துக்கும் விசை போவதால்தானே மணலைத் தாண்டுகிறது என்பது முதல் தடை. அற்றன்று. மணலில் புதைந்த வண்டியின் இரண்டு சக்கரங்கள் சுழன்றால் இரண்டு குழி. நான்கும் சுழன்றால் நான்கு குழி. விசை கூடினால் குழி ஆழமாகும், அவ்வளவே. வண்டி மிதக்கிறதா மூழ்குகிறதா என்பதைத் தீர்மானிப்பது எடைக்கும் பரப்புக்கும் உள்ள கணக்கு. தண்ணீர், டீசல், கூடாரம், குளிர்பெட்டி, வேண்டாத சாமான்கள் எல்லாம் சேர்த்து மூன்று டன் எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் தலையிலும் 750 கிலோ. நம் பெட்ரோல் பங்கில் முப்பத்திரண்டு என்று சொல்லி அடிக்கும் காற்று சுமார் 2.2 பார். அந்த அழுத்தத்தில் டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 330 சதுர சென்டிமீட்டர். ஒரு பாருக்கு இறக்கினால் அது 730-ஐத் தாண்டும். டயரின் விறைப்பைக் கணக்கில் சேர்த்தால் எண் சற்று மாறும், முடிவு மாறாது. பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் வளர்வதால் டயர் ஒரு குட்டிச் சங்கிலிச் சக்கரமாகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கான கருவி ஒரு தீக்குச்சி அல்லது கைவிரல் நகம். கூரையேணி, இழுவை உருளை, மூக்குக் குழாய், முன்தடுப்புக் கம்பி என்று வண்டியின் விலையில் பாதிக்குப் பொருள்களை விற்கும் கடைகள் இந்தக் கருவியை விளம்பரப்படுத்தாததன் காரணத்தை வாசகர் தாமே ஊகிக்கலாம்.

வரலாறும் நம் பக்கமே. இந்தக் கரையை ஐரோப்பியர்களில் முதலில் கண்ட போர்ச்சுகீசிய மாலுமி தியோகோ காவ், 1486-இல் கேப் கிராஸில் ஒரு கல் சிலுவையை நட்டார். பாலைவனத்தை ஒருமுறை பார்த்தார், கப்பலேறிப் போய்விட்டார். உள்ளே போக அவரிடம் டயர் இல்லை. ஆகவே இறக்கக் காற்றும் இல்லை. அடுத்த சான்று இன்னும் வலுவானது. 1942 நவம்பர் இறுதியில் டனடின் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் கப்பல் இந்தக் கரையின் வடகோடியில் தரைதட்டியது. கப்பலில் 106 பேர். காப்பாற்ற வந்த இழுவைப் படகு தானும் உடைந்தது, அதில் இருவர் இறந்தார்கள். தண்ணீரும் உணவும் கொண்டுவந்த வென்ச்சுரா குண்டுவீச்சு விமானம் பத்திரமாக இறங்கியது, ஆனால் கிளம்பும்போது மணலில் புதைந்தது. பிறகு தோண்டியெடுத்துப் பறக்கவிட்டார்கள். சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. அதிலிருந்தவர்கள் நீந்திப் பிழைத்தார்கள் என்பதால் மட்டுமே இதைச் சிரித்தபடி சொல்ல முடிகிறது. விண்ட்ஹூக்கிலிருந்து தரைவழி புறப்பட்ட லாரிகள் புதைவதும் தோண்டப்படுவதுமாக ஊர்ந்து வந்தன. எல்லாரையும் ஊர் கொண்டு சேர்ப்பதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. கடல், வானம், தரை என மூன்று மார்க்கத்திலும் எஞ்சின்களுக்குக் குறைவில்லை என்பதைக் கவனிக்க. சக்தி இருந்தது, கடற்கரை வசப்படவில்லை.

வடக்கே, எகிப்து–லிபியப் பாலைவனத்தில் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1920களின் பிற்பகுதியிலிருந்தே வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். நான்கு சக்கர இயக்கம் இல்லாத ஃபோர்டு கார்கள்; டயரில் குறைந்த காற்று; புதைந்தால் சக்கரத்தடியில் செருக எஃகுப் பலகை. 1930-இல் பெருமணற்கடலின் குன்றுகள் மேலேயே காரை ஏற்றினார். 1940-இல் பாலைவன நெடுந்தொலைவு ரோந்துப் படையை உருவாக்கினார். மணல் நகரும் விதம் பற்றி 1941-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பாடநூல். நம் துறைக்கு முதனூல் ஆசிரியர் வேண்டுமென்றால் இவரை வைக்கலாம். இரண்டு சக்கர விசையில் இவர் கடந்த மணலை நான்கு சக்கர விசையுடன் கடப்போர் தம் வீரத்தை எஞ்சினுக்கு எழுதிவைப்பது வரலாற்று மோசடி. 1942-இல் அமெரிக்கர்கள் கட்டிய டக் என்ற நீர்–நில லாரியில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வைத்தார்கள். கடலிலிருந்து மணலேற வேண்டிய வண்டிக்கு முதலில் தேவைப்பட்டது அதுதான்.

மனிதச் சாட்சி போதாது என்போருக்கு இயற்கையின் சாட்சியைக் காட்டுவோம். இதுவே இவ்வாய்வின் புதுக் கண்டுபிடிப்பு என்று அடக்கத்தோடு உரிமை கோருகிறோம். யூயிஸ் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 800 மீட்டர் மேலே உள்ளது. நாற்பது டிகிரி வெயிலில் அங்கே 1.8 பார் காட்டும் டயரை எடுத்துக்கொள்வோம். கடற்கரையிலோ தென்துருவப் பக்கத்திலிருந்து வரும் பெங்குவேலா குளிர்நீரோட்டம் காற்றைக் குளிர்வித்து மூடுபனியாக்கி வைத்திருக்கும். பதினைந்து டிகிரி சாதாரணம். குளிர்ந்த காற்று சுருங்கும். கீழே இறங்க இறங்க வெளியிலிருக்கும் வளிமண்டல அழுத்தமோ கூடும். கேஜ் காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் இந்த வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். கணக்கிட்டுப் பார்த்தால், வால்வைத் தொடாமலே, கரையில் நின்று ஆறிய டயரில் கேஜ் 1.5 பாரைத்தான் காட்டும். அதாவது கடலை நெருங்க நெருங்க டயர் தானாகவே இளகுகிறது. கடல் தன்னிடம் வருவோரிடம் எதிர்பார்ப்பது இன்னதென்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? இது வெறும் வாயு விதி, இதில் கடலின் விருப்பம் எங்கே வந்தது எனின், விதியும் விருப்பமும் ஒரே திசையில் போகும்போது பிரித்துப் பார்ப்பது ஆய்வாளனின் வேலையன்று.

சரளைப் பாதைக்கு இந்த வாதம் பொருந்துமா? அங்கே மணலே இல்லையே என்பர். அங்கே இருப்பது அதைவிடக் கொடியது. தகரக் கூரையைத் தரையில் விரித்ததுபோல் பாதை முழுக்கக் குறுக்கு வரிகள். பல் ஆடும், திருகாணி கழலும், தம்பதியர் பேச்சை நிறுத்துவார்கள். இதற்கு வண்டியின் ஸ்பிரிங்கே காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். 2007-இல் டேபர்லே, மோரிஸ், மெக்எல்வெயின் ஆகிய மூவர் சுழலும் மணற்படுகையில் சக்கரத்தை ஓட்டி ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஸ்பிரிங் இல்லாவிட்டாலும், ஏன், சக்கரத்துக்குப் பதில் சாய்பலகையை இழுத்தாலும் வரிகள் தோன்றுவதைக் கண்டார்கள். எனவே வரிகள் வராமல் இருக்க ஒரே வழி ஆமை வேகத்தில் போவது. அது எவராலும் ஆகாது என்பதால் இளகிய டயரே கதி. வேகமாகப் போனால் வரிகளின் தலைமேலேயே மிதந்துவிடலாம் என்று போதிக்கும் பிரிவினர் உண்டு. மிதக்கலாம்தான், ஆனால் மிதக்கும் வண்டிக்குத் தரைப்பிடிப்பு குறைவு, திருப்பம் வரும்போது அது திரும்பாது. நமீபியச் சரளைச் சாலைகளில் கவிழ்ந்து கிடக்கும் வாடகை வண்டிகள் இந்தப் பிரிவின் பட்டதாரிகள்.

காற்று குறைந்த டயர் சூடேறிக் கிழியாதா என்ற தடையில் நியாயம் உண்டு. கிழியும், வேகமாய்ப் போனால். சட்டென்று திருப்பினால் விளிம்பிலிருந்தே கழன்று வரும். ஆகவே காற்றிறக்கியவர் மெதுவாகப் போகக் கடவர். காற்றை மட்டுமல்ல, அவசரத்தையும் இறக்க வேண்டும். இளகிய டயர் நிலத்தை லேசாகத்தானே மிதிக்கிறது, அப்படியானால் தடத்தை விட்டு எங்கும் ஓட்டலாமா என்று கேட்போருக்கு மட்டும் இக்கட்டுரை வேடிக்கையை நிறுத்திவிட்டு விடை சொல்கிறது: கூடாது. அந்த ஜிப்சம் வெளியில் பரவியிருக்கும் லைக்கன்கள் மூடுபனியின் ஈரத்தைக் குடித்து மிக மெல்ல வளர்பவை. ஒரு சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது கிடக்கும். எத்தனை பார் என்று லைக்கன் கேட்பதில்லை.

கடைசியாக, கடலுக்குப் போக வண்டியே எதற்கு, காத்திருந்தால் போதாதா என்று சோம்பேறிகள் தரப்பில் ஒரு தடை. 1909-இல் கான்செப்ஷன் விரிகுடாவில் தரைதட்டிய எட்வர்ட் போலன் என்ற ஜெர்மன் கப்பல் இன்று நீரிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி மணலில் கிடக்கிறது. கரை நகரும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் கரை நகர்ந்த திசையைப் பாருங்கள். கடல் கப்பலைவிட்டு விலகிப் போயிருக்கிறது. பாலைவனத்தில் காத்திருப்பவர்களுக்குத் தூரம் கூடுமே தவிரக் குறையாது.

அப்படிப் போய்ச் சேர்ந்தவர் அடைவது என்ன? குளிக்க முடியாத குளிர்நீர், கண்மறைக்கும் பனி, கேப் கிராஸில் இனப்பெருக்கக் காலத்தில் லட்சத்தையும் தாண்டிக் கூடும் கடல்நாய்களின் வாடை. ஒரு கடற்கரைக்கு வேண்டிய இலக்கணம் எதுவும் இல்லாத கரையை நோக்கி ஆண்டுதோறும் வண்டிகள் போகின்றன என்பதே, போகிறவர்களின் உண்மையான நாட்டம் கடல் அன்று என்பதற்குச் சான்று. கரைக்கு வந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலையைப் பாருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கம்ப்ரசரை பேட்டரியில் மாட்டி, ஒவ்வொரு சக்கரமாகக் காற்றடிக்கிறார்கள். உப்புநீரும் ஜிப்சமும் சேர்த்து இறுக்கிய கரையோரச் சாலையில் பனி இறங்கினால் சோப்புப் போல் வழுக்கும், வேகமும் கூடும், அங்கே இளகிய டயர் ஆகாது. எனவே அட்லாண்டிக் பெருங்கடலுக்கு முன்னால் நின்று அவர்கள் பார்ப்பது கேஜின் முள்ளை.

இம்முடிபுகளை மறுக்க விரும்புவோர் டயரில் முழுக் காற்றோடு அதே வடமேற்கு நமீபியாவின் உகாப் ஆற்றின் வறண்ட படுகையில் இறங்கிக் காட்டலாம். வரும்போது மண்வெட்டி ஒன்றும், இருபது லிட்டர் தண்ணீரும், பின்னால் வர இன்னொரு வண்டியும் கொண்டு வரவும்.