தலைவலி இல்லாதவளுக்குச் சுக்குப் பத்து

ஏட்டி, வந்ததுலேர்ந்து பாக்கேன், அந்தப் போனைக் காதுல வச்சு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருக்கே. அங்கன ஓரமா வையி. இந்தா முருங்கைக்கீரை. ஆய்ஞ்சுக்கிட்டே கேளு. கை சும்மா இருந்தா நான் சொல்லுதது ஒனக்கு ஏறாது.

எனக்குன்னு என்னமோ வாங்கியாந்தியே, அந்த டப்பாவை எடு பாப்போம். முருங்கை இலைப் பொடி அடைச்ச மாத்திரை. 60 எண்ணம், 600 ரூவா. நல்லா இருக்குட்டி! புறவாசல்ல மரம் பாரம் தாங்காம ஒடிஞ்சு கிடக்கு, அதுக்கு எதுத்தாப்புல ஒக்காந்து நான் மாத்திரை முழுங்கணுமாக்கும். சரி, ஆசையா வாங்கியாந்தே, சிரிக்க மாட்டேன். அதுக்குள்ள இருக்கதும் முருங்கைதான். ஆனா ஒண்ணு கேக்கேன். நீ அதை எப்ப முழுங்குதே? லிஃப்டுக்குக் காத்து நிக்கையில. ஒத்தக் கையில தண்ணி பாட்டிலு, மத்தக் கையில போனு. கீரை வயித்துக்குள்ள போயிருக்கும். மருந்து போயிருக்காது.

முழிக்காதே, சொல்லுதேன். எங்க அம்மை எனக்குச் சொன்னது இது. ஒங்க தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தாவளோ என்னமோ. பொம்பளைங்க கைமருந்துல பாதிதான்ட்டி மருந்து. மீதி சாக்கு.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது 1964-ல. பாளையங்கோட்டையில சித்த மருத்துவக் கல்லூரி தொறந்த வருசம். அங்க பிள்ளைங்க மருந்து படிக்க ஆரம்பிச்சுது, இங்க நான் சாக்கு படிக்க ஆரம்பிச்சேன். வீட்டுல 14 தலை. ஒங்க பூட்டி, அதான் எங்க அத்தை, திண்ணையில ஒக்காந்தாவன்னா அடுக்களையில சொம்பு உருண்ட சத்தம் கூட அவங்க காதுக்குத் தப்பாது. "அலுப்பா இருக்கு அத்தை, செத்த ஒக்காருதேன்"னு சொல்லிர முடியுமா? "நாங்கள்லாம் பெறலியா, ஆக்கலியா"ன்னு ஆரம்பிச்சா பொழுது சாயுத வரைக்கும் ஓடும். ஆனா, "கீரை பறிச்சிட்டு வாரேன் அத்தை"ன்னு சொல்லு, மறுபேச்சு கிடையாது. கீரை வீட்டுக்கு, நான் போற போக்கு எனக்கு.

அப்ப முருங்கை கிணத்தடியில நின்னுச்சு. திண்ணையிலேர்ந்து பாத்தா நல்லாத் தெரியும். அதான் சங்கடம். ஐப்பசி மழைக்கு முன்னால அதுல கை மொத்தத்துக்கு ஒரு போத்து வெட்டி, தொழுவுக்குப் பின்னால கொண்டு ஊணுனேன். "அங்கன எதுக்குட்டி?"ன்னு கேட்டாவ. "கிணத்தடியில தண்ணி தேங்குது அத்தை, முருங்கைக்கு வேரு அழுகிரும்"னேன். பொய்யில்ல. முருங்கைக்குத் தண்ணி தேங்கவே ஆவாது. ஆனா நெசத்துலயும் நமக்குத் தோதான நெசம்னு ஒண்ணு இருக்குல்லா? அந்த மரம் தழைஞ்ச பெறகு, வளவுல உள்ள அஞ்சு மருமவளும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நேரத்துல கீரை பறிக்க வருவோம். ஒரு மணி நேரம் ஆவும். கீரை ஒரு கைப்பிடிதான் இருக்கும். "பூச்சி விழுந்திருக்கு அத்தை, பாத்துப் பாத்து எடுத்தேன்"னு சொல்லிக்கிடுவேன்.

செடி எங்க வைக்கன்னு போனுல கேட்டியே, இப்ப சொல்லுதேன். நல்லா வெயிலு விழுத இடமா இருக்கணும், கூப்பிட்ட குரலு விழாத இடமா இருக்கணும். ஒங்க அடுக்குமாடிக்கு மொட்டைமாடியை விட்டா வேற ஏது? பை வாங்கி, பந்தல் போட்டு, எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே. அந்தத் தேங்காநார்க் கட்டியை மட்டும் ஊற வச்சு ரெண்டு மூணு தண்ணி அலசிப் போடு, அதுல உப்பு நிக்கும். மண்ணு ஒரு பங்கு, மக்குன தொழுவுரம் ஒரு பங்கு, நாரு ஒரு பங்கு. ஆனா தானாத் தண்ணி சொட்டுததுக்கு என்னமோ குழாயும் கடிகாரமும் மாட்டி வச்சிருக்கேன்னு பெருமையாப் படம் அனுப்பினியே, அதைப் பாத்துத்தான்ட்டி தலையில அடிச்சுக்கிட்டேன். கோட்டிக்காரி! தண்ணி ஊத்துததுக்குத்தானே மாடி ஏறணும்? அதையும் மிஷினுகிட்ட குடுத்திட்டு, மிச்சம் பிடிச்ச நேரத்துல என்ன செய்தே? பாத்திரம் கழுவுதே. மொதல்ல அந்தக் குழாயைப் புடுங்கு.

அடிக்கடி போய்ப் பாக்க வேண்டிய செடியா வையி. அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தைத் தூவி விட்டா மூணு வாரத்துல கீரை பறிக்கலாம், பறிச்ச கையோட அடுத்த பைக்குத் தூவணும். பெரிய டிரம்மு இருந்தா பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலேர்ந்து வந்த பி.கே.எம்.1 விதை முருங்கை போடு. இடுப்பு உசரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளி விட்டா பக்கத்துல கிளைச்சு கைக்கு எட்டும். தொரட்டி தேட வேண்டாம், தொரட்டி புடிக்க ஒரு ஆம்பிளையையும் தேட வேண்டாம். கற்பூரவள்ளி ஒரு ஒடிப்பு ஊணுனாப் போதும், நீ மறந்தாலும் அது மறக்காது. தூதுவளை வச்சே ஆவணும். சளிக்கு ரசம் வைக்கலாம், நெய்யில வதக்குனா அந்த முள்ளெல்லாம் தன்னால மசிஞ்சிரும். அந்த முள்ளுக்காகவே வைக்கணும்ட்டி. பறிக்க வேற எவரும் கிட்ட வர மாட்டாவ, அது ஒனக்கு மட்டுமே உள்ள வேலை. செம்பருத்தியில மாவுப்பூச்சி அடைஞ்சிருக்குன்னியே, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் சோப்புத் தண்ணி, நல்லாக் கலக்கி வெயிலு தாந்த பெறகு இலைக்கு அடியில படுத மாதிரி அடி. அரை மணி நேரத்து வேலை. வீட்டுல ஒண்ணரை மணி நேரம்னு சொல்லு.

எண்ணெய்க் குளிப்புக்கு வாரேன். ஒங்க குளிப்பை நான் பாத்தேன்லா! ஞாயித்துக்கிழமை உச்சந்தலையில ரெண்டு சொட்டு, ஷாம்பூ ஒரு பிழி, 12 நிமிசத்துல தலையைத் துவட்டிக்கிட்டே கம்ப்யூட்டரு முன்னால ஒக்காந்தாச்சு. அது குளிப்பா? எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். நல்லெண்ணெயில ரெண்டு மிளகும் சீரகமும் போட்டுப் பொரிய விட்டு, சூடு ஆறி வெதுவெதுன்னு இருக்கையில உச்சியில வச்சு, காலு பெருவிரல் வரைக்கும் தேய்க்கணும். அரை மணி நேரம் ஊறணும். சீயக்காயில பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு சேத்து அரைச்ச பொடி. மதியத்துக்கு மிளகு ரசமும் துவையலும். இதுல என்ன இருக்குங்கே? பத்தியத்தைக் கேளு. எண்ணெய் தேய்ச்ச அன்னைக்கு வெயிலுல போவப்பிடாது, பச்சைத் தண்ணியில கை வைக்கப்பிடாது, பாரம் தூக்கப்பிடாது. வெயிலுல போவாம வத்தல் காயப் போட முடியுமா? தண்ணியில கை வைக்காம துணி துவைக்க முடியுமா? வாரத்துக்கு ரெண்டு நாளு அரை நாள் லீவுட்டி, சம்பளத்தோட! இந்தப் பத்தியத்தை எந்தச் சித்தரு எழுதுனாரோ, அவரு பொஞ்சாதி பக்கத்துல ஒக்காந்து சொல்லித்தான் எழுதியிருப்பாரு. பகல்ல தூங்கப்பிடாதுன்னு ஒண்ணு மட்டும் சேத்திருக்கு. அது அவரு மாமியாரு சேத்ததா இருக்கும். தூங்காட்டி என்ன, பல்லாங்குழி ஆடுவோம்.

திங்குததுல இருக்க சூட்சுமம் இதைவிடப் பெருசு. எங்க காலத்துல ஆம்பிளைங்க தின்னு, பிள்ளைங்க தின்னு, பெறகுதான் நாங்க. சட்டியில ஒட்டுனது நமக்கு. அப்படி இருந்த வீட்டுல, வயசுக்கு வந்த பிள்ளைக்குன்னா மட்டும் கருப்பு உளுந்து வறுத்துத் திரிச்சு, உடன்குடிக் கருப்பட்டிப் பாகுல களி கிண்டி, கையால குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்திக் குடுப்பாவ. "பொம்பளைப் பிள்ளைக்கு இடுப்பெலும்பு பலமா இருக்கணும்"ம்பாவ. அண்ணன்காரன் வாயில எச்சி ஊற நிப்பான், ஒரு உருண்டை கூட கிடையாது. பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா புட்டும் சுட்ட பூண்டும். கேட்டா "பால் ஊறும்". அடுக்களைப் பக்கம் வரப்பிடாது, கேட்டா "பச்சை ஒடம்பு". தனக்கு வேணும்னு வாய் தொறந்து கேக்கத் தெரியாதவளுக்கு, மருந்துன்னு பேரு வச்சுச் சோறு போட்டிருக்காளுவ நம்ம கிழவிங்க. என்னத்தச் சொல்ல, பெரிய திருடிங்க.

இன்னைக்கு மதியத்துக்கு உளுந்தஞ்சோறுதான். அரிசி ரெண்டு பங்குன்னா தோலோட உடைச்ச கருப்பு உளுந்து ஒரு பங்கு. உளுந்தை வாசம் வார வரைக்கும் வறுத்துக்கோ. உரிச்ச பூண்டு பத்துப் பன்னெண்டு, வெந்தயம் ஒரு சின்னக் கரண்டி, தேங்காத்துருவல் ஒரு கை நெறைய, உப்பு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழைய விடாம வேக வையி. தொட்டுக்கிட எள்ளுத் துவையல். ஒங்க பட்டணத்துல இதுக்குப் புரதச் சத்து மாவுன்னு டப்பாவுல ஒரு பேரு இருக்கும். அதைக் கலக்கி நின்னுக்கிட்டே குடிப்பிய. உளுந்தஞ்சோத்தை நின்னுக்கிட்டுத் திங்க முடியாது. தின்ன பெறகு எந்திரிக்கவும் முடியாது. அதான் அதுல விசேசம்.

இம்புட்டுச் சொன்னேன்னு எல்லாத்தையும் பச்சிலையால தீத்திரலாம்னு நெனைச்சிராதே. எங்க மூத்த மதினி கதை ஒனக்குத் தெரியாது. அவ எப்பப் பாத்தாலும் மேமூச்சு வாங்குதுன்னு சொல்லுவா, படி ஏறுனா நெஞ்சு படபடங்கும். வீட்டுல எல்லாரும் "முருங்கைக்கீரை சூப்பு குடி, பேரீச்சம்பழம் தின்னு"ன்னு சொன்னாவ. நானும்தான் சொன்னேன். அவளும் ஒரு வருசம் குடிச்சா. கடைசியில கீழ விழுந்த பெறகுதான் தூக்கிட்டுப் போனோம். ரத்தம் 12-க்குக் கொறையப்பிடாதாம், அவளுக்கு 6 இருந்துச்சு. கர்ப்பப்பையில கட்டி. மாசா மாசம் சட்டி சட்டியாப் போயிருக்கு, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஓட்டைப் பானையில எம்புட்டு முருங்கை ஊத்தி என்ன செய்ய? அன்னைக்குத்தான்ட்டி எனக்கு ஒறைச்சுது. கைமருந்து நமக்குச் சாக்குன்னு நெனைச்சேன். நம்மளை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம இருக்கதுக்கு மத்தவனுக்கும் அதே சாக்குதான். ஒரு கட்டுக் கீரையோட செலவு முடிஞ்சிருதுல்லா.

நம்ம நர்சம்மா சொல்லுதா, 2019-லேர்ந்து 2021 வரைக்கும் தேசம் பூராக் கணக்கெடுத்ததுல 15 வயசுலேர்ந்து 49 வயசுக்குள்ள உள்ள பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தம் பத்தலையாம். நீ என்னைக்குக் குத்திப் பாத்தே? பேச்சை மாத்தாதே. நாளைக்குக் காலையில எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா. அப்புறம் இன்னொண்ணு, கீரையைத் தின்ன வாயோட காப்பி டீ குடிக்காதே, கீரையில உள்ள இரும்பு ஒடம்புல ஒட்டாது. ஒரு மணி நேரம் போவட்டும். எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டுப் புழிஞ்சுக்கோ, அது ஒட்ட வைக்கும். கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலும் கீழாநெல்லி தேடி வரப்பு வரப்பா அலையாம, மொதல்ல ரத்தம் குடுத்துப் பாத்திரணும். காமாலையில எந்தக் காமாலைன்னு கீழாநெல்லிக்குத் தெரியாது. ஆடாதொடைக் கசாயம் இருமலுக்கு நல்லதுதான், வாயும் வயிறுமா இருக்கவளுக்கு ஆவவே ஆவாது, கருப்பையைச் சுருட்டிரும். பச்சிலையால தீங்கு வராதுன்னு எவளாவது சொன்னா, எருக்கும் பச்சிலைதான்னு சொல்லு.

கீரை ஆய்ஞ்சாச்சா? காம்பை அங்க போடு, ரசத்துக்கு ஆவும்.

எல்லாத்துக்கும் மேல ஒரு மருந்து இருக்குட்டி. சுக்குப் பத்து. சந்தனக்கல்லுல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, சுக்கை உரசு உரசுன்னு உரசி, நெத்தியில பட்டையாப் போட்டுக்கிடணும். தலைவலிக்குக் கேக்குமான்னு கேட்டா, சுள்ளுன்னு எரியுத எரிச்சல்ல வலி மறந்து போவும். கண்ணுல பட்டிரப்பிடாது, காஞ்சதும் கழுவிரணும். ஆனா அதோட மகிமை அதுல இல்ல. நீ மாத்திரை போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. பத்துப் போட்டுக்கிட்டு முத்தத்துல கட்டிலைப் போட்டுக் கிட, தெருவுக்கே தெரியும். பிள்ளைங்க சத்தம் போடாது, வீட்டுக்காரன் தானே காப்பி போடுவான், வம்பு பேச வந்தவளும் வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருவா. எம்பது வயசுக்குக் கிட்ட வந்துட்டேன், நெசமாத் தலைவலிச்சுப் பத்துப் போட்டது அஞ்சாறு தடவைதான் இருக்கும்.

ஏட்டி, அதென்ன போனு துடிக்கி? ஒங்க மாமியாரா? எடுக்காதே, எடுக்காதே. அந்த அலமாரியில சந்தனக்கல்லு இருக்கு, சுக்கு பக்கத்து டப்பாவுல. கொண்டா. ஒனக்கில்லட்டி, மொதல்ல எனக்குப் போடு. வாசல்ல ஒங்க சித்தப்பன் பைக்குச் சத்தம் கேக்குல்லா? சொல்லாமக் கொள்ளாம நாலு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டியாந்திருப்பான். பானையில நம்ம ரெண்டு பேருக்குத்தான் உளுந்தஞ்சோறு இருக்கு. சீக்கிரம் உரசு. ம், இந்தப் பொட்டுலயும் கொஞ்சம் இழுவு. ஆச்சா? இனி நீ படு, ஒனக்கு நான் போடுதேன். முனகணுமான்னா கேக்கே? நீ புதுசு, ஒனக்கு வராது. கண்ணை மூடிக்கிட்டாப் போதும், முனகலை நான் பாத்துக்கிடுதேன்.