செஞ்சியைத் தொட்டவன் கெட்டான்

மாயாஜாலக் கதைகளில் சாபம் பிடித்த பொருள் எப்போதும் கைக்கு அடக்கமாக இருக்கும். மோதிரம், மண்டை ஓடு, மாணிக்கக் கல் என்று ஏதாவது ஒன்று. தொட்டவனுக்குப் புத்தி பேதலிக்கும், ஊர் கெடும், கடைசியில் ஒரு நல்லவன் வந்து அதைத் தூக்கிக் கடலில் போடுவான். விழுப்புரம் மாவட்டத்துக்கு வாய்த்ததை அப்படித் தூக்கிப் போட முடியாது. மூன்று மலைகள், அவற்றை வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் மதில். திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கண்ணில் படும். செஞ்சிக் கோட்டை.

தொடக்கம் என்னவோ அமர்க்களமான மாயாஜாலம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி சேகரித்த சுவடிகளில் வரும் கதைப்படி, ஆனந்தக் கோன் என்ற இடையர் மலையில் ஆடு மேய்க்கும்போது ஒரு பொந்தில் புதையலைக் கண்டெடுத்தார். காலம் சுமார் 1200. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பார்கள். இவருக்கு ஆடு மேய்த்த மாதிரியும் ஆனது, அரசாட்சி பிடித்த மாதிரியும் ஆனது. மலையைச் சுற்றிக் கோட்டை கட்டி, அதற்கு ஆனந்தகிரி என்று தன் பெயரையே வைத்தார். பின்னால் வந்த கிருஷ்ணக் கோன் அடுத்த மலைக்குக் கிருஷ்ணகிரி என்று பெயர் வைத்தார். அரசு செலவில் சொந்தப் பெயரைப் பொறித்துக்கொள்ளும் வழக்கம் நம் காலத்தில் பிறந்ததல்ல.

பிறகு விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் வந்து கோட்டையைப் பெருக்கினார்கள். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குளம், கோயில் எல்லாம் எழுந்தன. கெட்டது அங்கேதான். ஆனந்தகிரி, அதாவது இன்றைய ராஜகிரி, சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறி உச்சியை நெருங்கினால் பாதை சட்டென்று முடிந்துவிடும். எதிரே ஒரு பிளவு, அகலம் 24 அடி. எட்டிப் பார்த்தால் 60 அடிப் பள்ளம். அந்தக் காலத்தில் அதன்மேல் ஒரு மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பத்துப் பேர் உட்கார்ந்து வெற்றிலை போடலாம். பத்தாயிரம் பேர் கொண்ட படை இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

சண்டை போட்டுப் பிடிக்க முடியாத கோட்டையை எப்படிப் பிடிப்பது? விலை பேசித்தான். செஞ்சியின் சாபம் என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மையும் இல்லை. மதில் உயர உயர ரேட்டும் உயர்ந்தது.

1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677இல் சிவாஜி வந்தார். இடி விழுந்தாற்போல் பாய்ந்து முதல் தாக்குதலிலேயே பிடித்துவிட்டார் என்று ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் எழுதினார். பீஜப்பூர் தளபதி நசீர் முகமது கான் ரொக்கத்துக்கும் ஜாகீருக்கும் ஈடாகச் சாவியைக் கொடுத்தார் என்பது இன்னொரு தரப்பு. இடி விழுந்தது உண்மையாகவே இருக்கட்டும். அது எந்தப் பையில் விழுந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

1689இல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் ஔரங்கசீப்புக்குத் தப்பி, சாமியார் வேஷம் கட்டி, மைசூர்ச் சீமை வழியாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இங்கே அதிகாரம் செய்துகொண்டிருந்தவர் சகோதரியின் கணவர் ஹர்ஜி மகாதிக். அவர் சற்று முன்புதான் காலமாகியிருந்தார். சகோதரி அம்பிகாபாய் முதலில் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். கோட்டை கையில் இருந்தால் கூடப் பிறந்தவன்கூடக் கடன் கேட்க வந்தவன்போல் தெரிவான் போலிருக்கிறது. எப்படியோ திறந்தார்கள். மராட்டிய சாம்ராஜ்யத்தின் தலைநகர் செஞ்சி ஆனது.

தலைநகர் வந்துவிட்டது, கஜானா வரவில்லை. ராஜாராம் கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார். முகலாயர் கையில் இருக்கும் நிலங்களைத் தன் சர்தார்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு கோர்படேக்குக் கொடுத்த பத்திரத்தில் தவணை வேறு உண்டு. ராய்கட்டைப் பிடித்தால் இவ்வளவு, பீஜப்பூருக்கு இவ்வளவு, ஔரங்காபாத்துக்கு இவ்வளவு, டில்லியைப் பிடித்ததும் பாக்கி. தேர்தல் வாக்குறுதிகளின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் செஞ்சியில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகலாம்.

கையில் இருந்த ஒன்றையும் விற்றார்கள். கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேரம். இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு எவனாவது ஓட்டைப் பீரங்கியை அனுப்புவானா? சென்னையிலிருந்து நல்லதாகப் பொறுக்கி எடுத்து அனுப்பினார்கள். குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். சர்வேயர் செலவு மிச்சம். பேரத்தை முடித்த சென்னை கவர்னர் எலிஹு யேல், பதவியை வைத்துச் சொந்தச் சம்பாத்தியம் செய்தார் என்ற புகாரில் 1692இல் கழற்றிவிடப்பட்டார். அதே யேல் கொடுத்த நன்கொடைக்காக 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. செஞ்சிக் காற்று கடல் தாண்டியும் வீசும்.

இனி கதையின் சிகரம். அதே 1690இல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகைக்கு வந்தார். முடித்தது 1698இல். எட்டு வருஷம்! அவர் படையோடு இருந்த பீம்சேன் என்பவர் நினைவுக் குறிப்பில் போட்டு உடைத்துவிட்டார்: தளபதி நினைத்திருந்தால் வந்த அன்றே பிடித்திருக்கலாம், ஆனால் வேலையை இழுத்தடிப்பதுதான் தளபதிகள் வழக்கம் என்று. முற்றுகை நடக்கிற வரைக்கும்தான் பணம் வரும். கோட்டை விழுந்தால் அடுத்த நாளே புது உத்தரவு, புது ஊர், புதுத் தலைவலி. ரோடு காண்டிராக்ட் எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் அவர் மனதில் ஓடியதாகச் சொல்வார்கள். பாதுஷாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, இன்றோ நாளையோ கண்ணை மூடுவார், அப்போது ராஜாராமோடு சிநேகமாக இருந்தால் தெற்கே தனிக் கடை போடலாம். பெரியவர் 1707 வரை கண்ணை மூடவில்லை. மேலே தணிக்கை செய்ய வேண்டிய வஜீர் யார்? அசத் கான், ஜுல்பிகாரின் சொந்த அப்பா. ஃபைல் எங்கே சுற்றினாலும் வீட்டுக்குத்தான் வரும்.

மேற்பார்வைக்கு ஔரங்கசீப் தன் செல்ல மகன் காம் பக்‌ஷையே அனுப்பினார். இளவரசர் வந்து சேர்ந்து, சுற்றிப் பார்த்து, தாமும் ராஜாராமோடு ரகசியப் பேச்சைத் தொடங்கினார். ஊழலை விசாரிக்க வந்தவர் பங்கு கேட்டால் பழைய பங்காளிகள் சும்மா இருப்பார்களா? 1693இன் தொடக்கத்துக்குள் அப்பனும் மகனும் சேர்ந்து பாதுஷா மகனையே பிடித்துக் கட்டிப் போட்டார்கள். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து தாக்கியதில் பட்டினி வேறு. முகலாயர்கள் பெரிய பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். நடுவில் ஜுல்பிகார் தஞ்சாவூர் வரை போய் மராட்டிய மன்னர் ஷாஜியிடம் கப்பம் வசூல் செய்துவிட்டு வந்தார். திரும்பி வந்து செஞ்சிக்கு எதிரே பழையபடி கூடாரம் அடித்தார்.

பொறுத்துப் பார்த்த பாதுஷாவின் கடிதங்கள் சூடாக ஆரம்பித்ததும் நாடகத்தின் கடைசிக் காட்சி. ராஜாராம் நழுவினார். முகலாயப் பாளையத்தில் இருந்த மராட்டியர் ஷிர்கே வழிவிட்டார். அதற்கு விலையாக ராஜாராமின் விசுவாசி கண்டோ பல்லாள் தன் தாபோல் வதனை, அதாவது பரம்பரை நில உரிமையை, கொடுத்தார் என்பது மராட்டியர் சொல்லும் வரலாறு. அரசர் பத்திரமாக வெளியே போன பிறகு, 1698இன் தொடக்கத்தில், முகலாயத் தளபதிகள் தாவூத் கான் பன்னியும் தல்பத் ராவ் புந்தேலாவும் ஏறிக் கோட்டையைப் பிடித்தார்கள். எட்டு வருஷமாக ஏற முடியாத மலை, ஆள் கிளம்பியதும் ஏறச் சுலபமாகிவிட்டது! கோட்டைக்கு நஸ்ரத்கட் என்று பெயர். நஸ்ரத் ஜங் என்பது ஜுல்பிகாரின் பட்டம். ஆனந்தக் கோன் காலத்து வழக்கம் மாறவே இல்லை.

இப்போது சாபக் கணக்கைப் பார்க்கலாம். ராஜாராம் 1700இல் முப்பது வயதில் காலமானார். காம் பக்‌ஷ் 1709இல் ஐதராபாத் அருகே அண்ணனோடு போரிட்டு மாண்டார். எதிர்ப்படையில் நின்றவர் யார்? நம் ஜுல்பிகார். அந்த ஜுல்பிகாரை 1713இல் புது பாதுஷா ஃபருக்சியர் கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தார். தாவூத் கான் 1715இல் போர்க்களத்தில் போனார். செஞ்சியைத் தொட்டவன் கெட்டான் என்று சத்தியம் செய்ய இது போதும். ஆனால் அந்த நூற்றாண்டில் செஞ்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பிரபுக்களும் இதே மாதிரிதான் செத்தார்கள்.

இந்தப் பட்டியலில் கொடுக்கவும் தெரியாமல் வாங்கவும் தெரியாமல் ஒருவர் வந்தார். பெயர் தேஜ் சிங். நமக்குத் தேசிங்கு ராஜா. கோட்டைக்கு அதிகாரியாக இருந்த அப்பா சுவரூப் சிங் 1714இல் இறந்தார், பல வருஷ வரி பாக்கியையும் விட்டுவிட்டு. ஆற்காட்டு நவாப் சதாத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். அனுபவஸ்தனாக இருந்தால் தவணை கேட்பான், பாதி கொடுப்பான், வசூலுக்கு வந்தவனைக் கவனிப்பான். தேசிங்குக்கு வயது 22. சில நூறு குதிரைகளோடு ஆயிரக்கணக்கான படைமேல் பாய்ந்து, அந்த அக்டோபரிலேயே உயிரை விட்டார். ஆட்சி சுமார் பத்து மாதம். எட்டு வருஷம் இருந்த ஜுல்பிகாரை இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் யாரும் ஆடுவதில்லை. பத்து மாதப் பையனையும் அவன் குதிரையையும் நண்பன் மோவுத்துக்காரனையும் இன்றும் விடிய விடியப் பாடுகிறார்கள். ஜனங்களுக்குக் கெட்டிக்காரர்களைப் பற்றித் தெரியாமல் இல்லை. பாட்டு கட்டத்தான் மனசு வரவில்லை.

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்து ஐரோப்பாவையே அசத்தினார். வெங்கடரமணர் கோயில் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். பதிலுக்குச் செஞ்சி வாங்கிக்கொண்டதும் உண்டு. பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களைப் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இழந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஓர்மே எழுதியிருக்கிறார். எதிரியின் குண்டால் அல்ல, காய்ச்சலால். 1761இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித் வந்து சரணடையச் சொன்னபோது, பிரெஞ்சுத் தரப்பில் கோட்டையைக் காத்த மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஒரு லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷத்தில் பிடிக்க முடியாது என்று மீசையை முறுக்கினார். ஏப்ரலில் மரியாதையாகச் சாவியைக் கொடுத்துவிட்டார். லஞ்சமே வாங்காமல் செஞ்சியில் வேலை முடித்துக் கொடுத்தது கொசு ஒன்றுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. மராட்டியர் இங்கே இருந்தது 21 வருஷம். ஆடு மேய்த்தவரின் பெயர் தலைப்பில் வரவில்லை என்று இனி ஆனந்தக் கோன் வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உலகமே பார்க்க வரப்போகிறது, ரயில் விடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புது ரயில் பாதை 2006-07இலேயே அனுமதி பெற்றுவிட்டது. செஞ்சிக்காரர்கள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்கள். எட்டே வருஷத்தில் வேலையை முடித்த ஜுல்பிகார் கானை இனி யாரும் இழுத்தடித்தவர் என்று சொல்லக் கூடாது.