தொழில் பழகுநர் சட்டத்துக்கு ஒரு பாராட்டு மனு

பெறுநர்: திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவோர் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: தொழில் பழகுநர் சட்டம், 1961 – அதன் நுட்பங்களைப் போற்றுதல் – சிறு கோரிக்கை – தொடர்பாக.

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. தொடக்கத்தில் அரமும் வைஸும்தான் பாடப்புத்தகம். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, மூலைமட்டத்தை வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து அராவ வேண்டும். போகப்போக 0.04 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்ற கட்டத்துக்குக் கை பழகிவிடும். தேர்ச்சி பெற்றவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. அடுத்த படி அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர். அமைச்சகத்தின் கைவண்ணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதற்கு 0.04 கணக்கு பொருந்தாது.

சட்டத்தின் 18-ஆம் பிரிவு தெளிவானது. அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. ஆகவே பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, போனஸும் இல்லை. ஒரகடத்திலோ ஓசூரிலோ வண்டி தயாரிக்கும் ஒரு லைனில் நிரந்தரத் தொழிலாளியும் அப்ரண்டிஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே அளவு போல்ட்டை முடுக்கினால், முன்னவர் செய்வது உற்பத்தி, பின்னவர் பெறுவது கல்வி. அந்த வண்டியை வாங்குகிறவருக்கு எந்த போல்ட் கல்வியால் முடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. விலையும் குறைவதில்லை.

இதில் மனிதாபிமானமும் இருக்கிறது. 14-ஆம் பிரிவின்படி, தொழிற்சாலைகளுக்கான உடல்நல, பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் உண்டு. பயிற்சியின்போது காயம் பட்டால் இழப்பீடு தரச் சொல்கிறது 16-ஆம் பிரிவு. இவை இரண்டும் நல்ல ஏற்பாடுகள், கேலிக்கு உரியவை அல்ல. ஆனால் மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் விசித்திரமானது: விரல் இருக்கும்வரை அவர் மாணவர், பிரஸ்ஸில் விரல் போனால், இழப்பீட்டுக் கணக்குக்காக மட்டும் தொழிலாளிக்கு நிகரானவர்.

உதவித்தொகை விவகாரத்தில் அமைச்சகம் சமத்துவத்தையே கடைப்பிடித்திருக்கிறது. 2019-இல் விதிகள் திருத்தப்பட்டபோது குறைந்தபட்ச மாதத் தொகை பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000, தேசியச் சான்றிதழ் பெற்ற ஐடிஐக்காரருக்கு 7,000 என்று வைக்கப்பட்டது. பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கும் அதே 7,000. இரண்டு ஆண்டு அராவிய கைக்கும் அரத்தையே தொடாத கைக்கும் முதல் ஆண்டில் ஒரே விலை. திறன் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய அமைச்சகம் திறனுக்குப் போட்ட மதிப்பு பூஜ்யம் ரூபாய். கணக்குப் போட எளிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் பக்கம் இதைவிடக் கனிவு. அதே 2019 திருத்தத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் கட்டாயமாக 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால்? பழைய சட்டத்தில் சிறைத் தண்டனைக்கு இடம் இருந்தது. 2014 திருத்தம் அதை எடுத்துவிட்டு, நிரப்பாத ஒவ்வோர் இடத்துக்கும் முதல் 3 மாதங்களுக்கு மாதம் 500 ரூபாயும் பிறகு 1,000 ரூபாயும் அபராதம் வைத்தது. 2016-இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய்வரை, மத்திய அரசே திருப்பித் தந்தது. அப்படிக் கழித்தாலும் ஓர் ஐடிஐ இளைஞருக்கு நிறுவனத்தின் கையிலிருந்து அப்போது மாதம் போனது 5,500 ரூபாய். சட்டத்தை மதித்தால் 5,500, மீறினால் முதலில் 500, பிறகு 1,000. கணக்காளர் எந்தப் பக்கம் டிக் அடிப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதையும் மீறி அப்ரண்டிஸ் எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில உண்மையாகவே தொழில் கற்றுக்கொடுக்கின்றன, சில மலிவான கைகளைத் தேடுகின்றன. இரண்டையும் பிரித்தறிய இந்த அபராதம் எந்த வகையிலும் உதவாது.

2014 திருத்தத்தின் இன்னொரு நுட்பம் கவனத்துக்குரியது. எத்தனை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்று கணக்கிடும்போது, ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரும் தொழிலாளியாக எண்ணப்படுகிறார். மற்ற நாள்களில் “நம்ம ஆளு இல்லை, கான்ட்ராக்ட்” என்று கை விரிக்கப்படுபவர், இந்த எண்ணிக்கைக்கு மட்டும் நம்ம ஆள்.

கடைசியாக 22-ஆம் பிரிவு. பயிற்சி முடித்தவருக்கு வேலை தருவது முதலாளியின் கடமை அல்ல என்று முன்பு அது நேராகவே சொன்னது. 2014-க்குப் பிறகு மரியாதை கூடியது: பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும். “யாரையும் எடுப்பதில்லை” என்பதும் ஒரு கொள்கைதான். பயிற்சி பெற்ற நிறுவனத்தில் வேலை கிடைக்காத இளைஞர் அடுத்த தொழிற்சாலையின் வாசலில் கான்ட்ராக்ட் ஆளாக வரிசையில் நின்று, அங்கே அப்ரண்டிஸ் எண்ணிக்கையைக் கூட்ட உதவுகிறார்.

சட்டத்தைத் திருத்தச் சொல்லி அமைச்சகத்துக்குச் சிரமம் தருவது இம்மனுவின் நோக்கம் அல்ல. 22-ஆம் பிரிவின்படி வகுத்த கொள்கையையும், போன ஆண்டு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம் என்ற எண்ணையும், ஒவ்வொரு நிறுவனமும் அந்தந்த மாநில மொழியில் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சேர வருகிற பிள்ளைகள் உள்ளே நுழையும் முன் படித்துக்கொள்வார்கள்.